மதிலோரம் ஒரு புகைப் பீப்பாய்

— புகையே வரலையே சார்.

— வராது. ஏன் வரணும்ங்கறேன்?

— ஏன் வரணுமா? இறைச்சிக்குப் புகை போடறதுக்குத்தானே சார் இந்தப் பீப்பாயை இங்க நிக்க வெச்சிருக்கோம்?

— பெர்னதெத் அம்மா, கொஞ்சம் கிட்ட வந்து பாருங்கோ. கீழ நெருப்புப் பெட்டில தணல் எப்படி இருக்கு? பளபளன்னு, ஒரு பொட்டுக் கரி இல்லாம. மேல குழாய் வாயில கையை வெச்சுப் பாருங்கோ. அப்பளம் சுடலாம்.

— அப்பளம் சுடறதா இருந்தா ரொம்ப நல்லாத்தான் இருக்கு. உள்ள ரெண்டு கிலோ பன்னி தொங்குது சார். அது சொம்மா வெந்துக்கினு இருக்கு. புகை பிடிக்கல.

— அந்தப் பேரைச் சொல்ல வேண்டாம்னு சொன்னேனே. லோடுன்னு சொல்லுங்கோ.

— சரி, லோடு. லோடு வேகுது.

— நான் பாய்லர் ஹவுஸ்ல வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ரிட்டையர் ஆற வரைக்கும் எனக்கு ஒரே உத்தரவுதான். சிம்னிலேர்ந்து புகை வரப்படாது. புகைன்னா கரி வீணாறதுன்னு அர்த்தம். மேனேஜர் ஜன்னல் வழியாப் பார்த்துண்டே இருப்பார். கறுப்பா ஒரு கீத்து தெரிஞ்சாப் போறும், ஃபோன் வந்துடும்.

— ஏசுவே. புகையை ஒழிக்கிறதுக்குச் சம்பளம் வாங்கின மனுஷன்கிட்ட வந்து, புகை அடுப்பு கட்டித் தாங்கன்னு கேட்டேன் பாருங்க. என்னைச் சொல்லணும்.

— இதை நான் யோசிக்கவே இல்லை.

— இன்னா சார், சிரிக்கிறீங்களா?

— சிரிக்கலை. யோசிக்கறேன். மொத்தத்தையும் தலைகீழாப் போடணும். காத்தைக் குறைக்கணும். எரிஞ்சும் எரியாம, சண்டி பண்ணிண்டு கிடக்கற நெருப்பு வேணும். காலம் பூரா நான் திட்டித் தீர்த்த நெருப்பு. அதை இப்போ உக்காத்தி வெச்சு வளர்க்கணும்.

— காத்தைக் குறைச்சா அணைஞ்சிடாதா?

— கீழ குறைக்கணும், மேல திறந்து விடணும். இந்தச் சின்னப் பெட்டில கட்டை புகையும். புகை வளைஞ்ச குழாய் வழியாப் பெரிய பீப்பாய்க்குள்ள வரும். லோடைத் தடவிண்டே ஏறி, உச்சில இருக்கற மூடியோட இடுக்கு வழியாப் போயிடும். போயிண்டே இருக்கணும், அதான் முக்கியம். நின்னுடுத்துன்னா வந்தது வினை.

— எங்கப்பா சொல்ற மாதிரியே சொல்றீங்க. கோலார்ல சுரங்கத்துக்குள்ள இறங்கினவரு அவரு. ஒரு குழியில காத்து இறங்கும், இன்னொரு குழியில ஏறும், ஏறுற குழியை எவனாச்சும் மூடினா உள்ள இருக்கிறவன் கதி அதோகதின்னுவாரு.

— அதேதான். உங்கப்பாவுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லாமலே புரிஞ்சிருக்கும். ஹச்சூ.

— பாருங்க, இன்னும் சளி போகல. நேத்து தைலமர இலை பறிச்சுக் குடுத்தேனே, ஆவி பிடிச்சீங்களா?

— பிடிச்சேன். காலைலேர்ந்து காப்பி, சாதம், துண்டு, எல்லாம் அதே வாசனைதான். அந்த இலை பட்ட இடத்துலேர்ந்து போகவே போகாது போலிருக்கே.

— போகாது சார். ஒரு வாரம் இருக்கும். உங்க வீட்டுக்குள்ள ஃபோன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— பையனாத்தான் இருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல காதுல மாட்டிக்கினு உக்காந்தவ நான். வெளியூர் ஃபோன் அடிக்கிற தினுசே வேற.

— ரங்கன்தான். வேற யாரு. எப்போ பூனாவுக்குக் கிளம்பறேள்னு கேப்பான்.

— நீங்க இன்னா சொல்லியிருக்கீங்க?

— பக்கத்தாத்து அம்மாவுக்கு ஒரு வேலை ஒத்துண்டிருக்கேன், அது முடிஞ்சதும் வரேன்னு. எடுத்த வேலையை முடிக்காம எழுந்திருக்காதேன்னு அவனைத் தலையில குட்டி வளர்த்தவன் நான்தானே. அதனால எதிர்த்துப் பேச முடியறதில்லை அவனால.

— அப்போ இதுல நல்லாப் புகை வந்ததும் கிளம்பிடுவீங்க.

— ஒரு தடவை வந்தாப் போறாது. பாய்லரை ஒப்படைக்கறச்சே எனக்குன்னு ஒரு நியமம் உண்டு. நடுவுல எதையும் தொடாம, அடுத்தடுத்து ரெண்டு தடவை சரியா ஓடணும். அப்பறம்தான் கையெழுத்துப் போடுவேன்.

— ரெண்டு தடவை.

— அடுத்தடுத்து.

— சரி சார். போய் ஃபோனை எடுங்க. பாவம், அடிச்சுக்கினே இருக்கான்.

*

— சார், சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது.

— ஏன், என்ன ஆச்சு? போன ஞாயித்துக்கிழமை பிரமாதமா வந்துடுத்துன்னு நீங்கதானே சொன்னேள்? நீலமா, மெலிசா, நூல் மாதிரி புகை. நானே மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரு மணி நேரம் பார்த்துண்டிருந்தேன்.

— போன வாரம் ஏ ஒன். ஆஸ்டின் டவுன்லேர்ந்து என் தங்கச்சி பவுலின் வந்துது பாருங்க, எலும்பைக்கூட வைக்கல. வெல்டிங் பண்ணிக் குடுத்த தாஸ் அவங்க வீட்டுப் பக்கம்தானே, அந்த ஆளுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கினு போச்சு.

— இந்த வாரம்?

— இந்த வாரம் தலைவலிக்குத் தைலம் தேய்ச்சுப் படுக்க வெச்ச மாதிரி இருக்குது லோடு.

— என்னது?

— வாயில வெச்சா மூக்கு திறந்துக்குது சார். ஜலதோஷக்காரன் சாப்பிட்டா குணமாயிடுவான்.

— அந்தக் கட்டையை இப்படிக் குடுங்கோ. ஹும். அம்மா, இது தைலமரம்.

— அப்படியா?

— அப்படியாவா? மோந்து பாருங்கோ. காப்பிக்கட்டைதான் வாங்கணும், சிக்மகளூர்லேர்ந்து வரும், விறகு டிப்போவுல கேளுங்கோன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.

— டிப்போக்காரன் கட்டிக் குடுத்தான், தூக்கிக்கினு வந்தேன். போன தடவை எரிச்ச கொய்யாக்கட்டை தீர்ந்துபோச்சு. கட்டைன்னா கட்டைதானேன்னு இருந்துட்டேன்.

— இனிமே ஒரு வாரம் இந்தப் பீப்பாயை வெறுமனே எரிச்சு வாசனையைப் போக்கணும். அப்பறம் மறுபடி முதல்லேர்ந்து.

— முதல்லேர்ந்தா? ஒரு தடவை நல்லா வந்தது கணக்குல சேராதா?

— சேராது. அடுத்தடுத்துன்னா அடுத்தடுத்து.

— பேஜாராப் போச்சு. பையன்கிட்ட இன்னா சொல்லுவீங்க?

— எரிபொருள் கோளாறுன்னு சொல்லுவேன். உண்மைதானே. அம்மா, ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க.

— போன வாரம் நன்னா வந்ததுன்னேளே. எப்படி இருந்தது?

— இன்னா சார் எப்படி? ருசியா?

— நான் அதைச் சாப்பிடப் போறதில்லை. இந்த ஜன்மத்துல இல்லை. ஆனா கட்டினவன் நான். பாய்லர்னா பிரஷர் முள்ளைப் பார்ப்பேன், தெரிஞ்சுடும். இதுக்கு முள் எங்க இருக்கு? உங்க நாக்குலதான் இருக்கு. அதனால கேக்கறேன்.

— எப்படிச் சொல்றது. உங்க வீட்டுல கத்திரிக்காயை நெருப்புல சுட்டுத் துவையல் அரைப்பீங்கல்ல?

— அரைப்போம். அவ இருந்த வரைக்கும்.

— தோலை உரிக்கிறப்ப, தோலுக்கும் சதைக்கும் நடுவுல ஒரு வாசனை வரும் பாருங்க. கருகினதும் இல்ல, கருகாததும் இல்ல. அது வெளிய இருக்கும். உள்ள போனா உப்பு. ஊறின உப்பு, மாங்காய்க்குள்ள இறங்கின மாதிரி. அதுக்கும் உள்ள நெய்.

— நெய்னு சொல்லாதேங்கோ.

— நெய்தான் சார். வேற எதைச் சொல்ல? வாயில வெச்சதும் உருகி, கடைசில புகை மட்டும் தனியா நிக்கும். எல்லாரும் போனப்புறமும் வீட்டுல ஒருத்தர் உக்காந்திருக்கிற மாதிரி.

— கடைசில புகை நிக்கும்.

— ஆமா.

— எவ்வளவு நேரம்?

— தண்ணி குடிக்கிற வரைக்கும். நான் குடிக்கவே இல்ல, அன்னிக்கு ராத்திரி வரைக்கும்.

— நன்னாச் சொன்னேள். அப்போ முள் சரியா வேலை செய்யறது.

*

— கேக்குக்குப் பழம் ஊற வெக்கிற வேலையை விட்டுட்டு ஓடி வந்தேன். எதுக்கு சார் கூப்டீங்க?

— இந்தாங்கோ, இந்த ஏணி மேல ரெண்டு படி ஏறிப் பாருங்கோ. பீப்பாய் உச்சில. என்ன தெரியறது?

— மூடி தெரியுது.

— மூடி எப்படி இருக்கு?

— மூடியிருக்கு.

— மூடியிருக்கு. போன வாரம் ரொம்ப நன்னா ஓடினதும், இடுக்கு எவ்வளவு திறந்திருக்கணும்னு ஆணியால ஒரு கோடு கீறி வெச்சேன். நடுவுல எதையும் தொடப்படாதுன்னு. இன்னிக்குக் கோடு ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். புகை வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னு புளிச்சுப் போயிருக்கு. லோடைப் பார்த்தேளா?

— பார்த்தேன். ரோடு போடற தாரு மாதிரி இருக்குது. நாய்க்குப் போட்டேன், மோந்துட்டு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு.

— யார் மூடினா?

— அணிலா இருக்கும் சார். கொய்யா மரத்துலேர்ந்து குதிச்சுக்கினே இருக்குது.

— அணில் வந்து இரும்புத் தகட்டைத் திருப்புமா?

— நம்ம ரிச்சர்ட்ஸ் டவுன் அணில் சார். எல்லாம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல படிச்சது.

— இருக்கும்.

— இன்னா, இருக்கும்னுட்டீங்க.

— இருக்கும்னுதான் சொல்றேன். நீங்கதான் சொன்னேளே. ஸ்டூலைப் போட்டுக்கோங்கோ, நானும் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். ரங்கன் நேத்து ராத்திரி பேசினான். ரயில் டிக்கெட்டே வாங்கிட்டானாம்.

— எப்போ?

— புது வருஷம் பிறந்து மொத ஞாயித்துக்கிழமை. சாயங்கால வண்டி. அன்னிக்குக் கார்த்தால வரைக்கும் அந்தப் பீப்பாயோட மாரடியுங்கோ, அதுக்கு மேல ஒரு சாக்கும் சொல்லப்படாதுங்கறான். ஆத்தை ஏதோ கம்பெனிக்கு கெஸ்ட் ஹவுஸா விடப் போறானாம்.

— அப்படின்னா?

— வாரத்துக்கு ஒருத்தர் வருவா, தங்குவா, போவா.

— வாரத்துக்கு ஒருத்தர் வந்தா நான் யாருக்கு சார் காலையில குட் மார்னிங் சொல்றது?

— வரவாளுக்கெல்லாம் சொல்லுங்கோ.

— ஆமா, பேர் தெரியாதவனுக்கெல்லாம். பூனாவுல வீடு எப்படி?

— பதினோராவது மாடி. பால்கனில நின்னா மலை தெரியும்ங்கறான். ரெண்டு லிஃப்ட்டாம். ரெண்டும் வேலை செய்யுமாம்.

— மதில் இருக்குதா?

— பதினோராவது மாடியில மதில் எதுக்கு?

— நான் ஃபாரின்ல பெர்த்துக்குப் போன கதை தெரியும்ல உங்களுக்கு? ஜெனிஃபர் என் பொண்ணு, அது தங்கம். மாப்பிள்ளையும் நல்ல பையன். எல்லாம் வசதி. பக்கத்து வீட்டுக்காரன் இதே மாதிரி ஒரு பீப்பாய் வெச்சிருந்தான், அதுலதான் மொதல்ல இந்தப் புகைக்கறியே நான் சாப்டது. தட்டுல வெச்சுக் குடுத்துட்டுச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அவ்ளோதான். அப்புறம் ஊருக்கு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் சிரிச்சுக்கினே இருந்தோம், ஒரு வார்த்தை இல்ல. வாய் வலிச்சுப்போச்சு சார்.

— அதான் சீக்கிரமே திரும்பி வந்துட்டேளா?

— பீப்பாயை எப்படிக் கட்டினான்னு கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்காவது ஒருத்தர் வேணும்ல? திரும்பி வந்த அன்னிக்கு நீங்க மதில்கிட்ட நின்னுக்கினு, ஊரெல்லாம் எப்படி இருந்ததுன்னு கேட்டீங்க பாருங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவர்கிட்ட கேக்கறதுன்னு.

— எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு அன்னிக்கே சொன்னேன்.

— சொல்லிட்டு, படம் வரையறதுக்குச் சாக்பீஸ் இருக்கான்னு கேட்டீங்க. என் சிமெண்டுத் தரையெல்லாம் கோடு. இன்னும் போகல அந்தக் கோடு.

— அழிச்சிருக்கலாமே.

— எதுக்கு? இருக்கட்டும்.

— சரி. மூடியைக் கோட்டுக்குக் கொண்டு வரேன். அணிலுக்குச் சொல்லி வையுங்கோ.

*

— கண்டோன்மென்ட் ஸ்டேஷன்தானே சார்? பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆட்டோக்காரன் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. உக்காருங்க.

— உக்கார்ற நேரமா இது? போன தடவை சரியா வந்தது, இன்னிக்குக் கார்த்தாலயும் வந்திருந்தா முடிஞ்சுது. கதவைச் சுத்திப் புகை பிச்சுண்டு வரதைப் பார்த்தேளா? சூடே நிக்கலை. உள்ள லோடு பச்சையா தொங்கறது. கதவு இடுக்குல காத்து கசியாம இருக்கக் கண்ணாடி நூல் கயிறு பதிச்சிருந்தேனே, அதைக் காணோம். மொத்தமா உருவிண்டு போயிருக்கு.

— பெருச்சாளியா இருக்குமா?

— இருக்கும். பெருச்சாளியாத்தான் இருக்கும்.

— ரங்கனுக்கு ஃபோன் பண்ணிட்டீங்களா?

— பண்ணினேன். முடியலைடான்னேன். முடியாட்டாப் பரவாயில்லை, வாழ்க்கைல ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டு வாங்கோப்பா, உலகம் முழுகிடாதுங்கறான். நான் சொல்லிக் குடுத்ததை எனக்கே திருப்பிப் போடறான்.

— சார்.

— சொல்லுங்கோ.

— நேத்து கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார்கிட்ட எல்லாம் சொன்னேன். பலகைக்கு அந்தப் பக்கம் சிரிக்கிறாரோன்னு இருந்துச்சு. அப்புறம் சொன்னாரு, இதுக்கு நான் மன்னிப்புக் குடுத்துப் பிரயோஜனம் இல்ல, அந்த மனுஷன்கிட்டயே போய்ச் சொல்லிடும்மான்னு.

— என்ன சொல்லச் சொன்னார்?

— உங்க பீப்பாய்ல ஒரு கோளாறும் இல்ல சார். காத்தைக் குறைச்சீங்களே, அன்னியோட அது சரியாயிடுச்சு. நீங்க நிம்மதியா ஊருக்குப் போகலாம். கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம். கெடுத்ததெல்லாம் நான்தான்.

— தைலமரக் கட்டை?

— டிப்போக்காரன் காப்பிக்கட்டைதான் எடுத்து வெச்சான். இது வேணாம்ப்பா, அதைக் குடுன்னு நான்தான் கையைக் காட்டினேன். அவன் வேணாம்மா அடுப்புக்கு நாறும்னான். பரவாயில்ல குடுன்னேன்.

— மேல் மூடி?

— துணி காயப் போட வந்தப்ப. விரலால ஒரு தள்ளு. உள்ள தொங்கின பன்னியை நினைச்சு மனசு அடிச்சுக்கிச்சு, கிறிஸ்துமஸ் மாசத்துல இப்படிப் பண்றோமேன்னு.

— தெரியும்.

— இன்னா தெரியும்?

— மூடியில சோப்பு நுரை காஞ்சு போயிருந்தது. உங்க அணில் துணி துவைக்கற அணில்னு அன்னிக்கே புரிஞ்சுது. கட்டையும் தெரியும். சளிக்குத் தைலமர இலை பறிச்சுக் குடுக்கறவாளுக்கு அந்தக் கட்டையோட வாசனை தெரியாதா?

— தெரிஞ்சுமா சார் ஒரு வார்த்தை கேக்கல?

— கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேள்?

— தெரியல. உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். நீங்க போயிட்டா பக்கத்துல யாரும் இல்லன்னு ஒரு பொம்பளை எப்படி சார் சொல்றது. இப்போகூட சாமியார் சொன்னதுனாலதான்.

— சரி. சொல்லியாச்சு. போறும்.

— போறாது சார். இன்னும் ஒண்ணு இருக்கு. அந்தக் கதவுக் கயிறு நான் எடுக்கல. இதை நீங்க நம்பணும். மாதா சத்தியமா நான் தொடல. இந்த வாரம் ஒண்ணும் பண்ணக் கூடாது, அவரு நிம்மதியா போகட்டும்னுதான் இருந்தேன். காலையில புகை பிச்சுக்கினு வர்றதைப் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

— தெரியும். நீங்க எடுக்கலை.

— அப்போ பெருச்சாளிதான்.

— தெருவுல ஆட்டோ ஹாரன் கேக்கறதே.

— வந்துட்டான். அடிச்சுக்கினே இருக்கான்.

— அடிக்கட்டும்.

— இன்னா சார் அடிக்கட்டும்ங்கறீங்க? வண்டி போயிடும். பெட்டியை இப்படித் தள்ளுங்க, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.

— தூக்க வேண்டாம். இங்கயே திறங்கோ.

— எதுக்கு? குளிருதா? சுவெட்டரா?

— சுவெட்டர் மேலயே இருக்கும். அதை எடுத்து வெச்சுட்டு, அடியில கையை விட்டுப் பாருங்கோ.

— வேஷ்டி. சகஸ்ரநாமப் புஸ்தகம். இது இன்னா, வெள்ளையா, பாம்பு மாதிரி சுருட்டி. மேல கரி வேற. சார், இது நம்ம கதவுக் கயிறு.